முப்பத்தொன்பதாவது புள்ளி

இரண்டு கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் ஒரு புள்ளி இருந்தால், அந்த இரண்டு கம்பிகளும் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். புள்ளி இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று தாண்டிப் போகின்றன, அவ்வளவுதான். அவற்றுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை. சர்க்யூட் படம் வரைய வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் விஷயம் இது. அந்த ஒரே விஷயத்தோடு அவர் நாற்பத்தைந்து வருடங்கள் வாழ்ந்தார்.

பழுதுபார்க்கிறவர்கள் அவரைப் புள்ளிக்காரர் என்றார்கள். கிடார் ஆம்ப்ளிபையர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் படம் வரைகிறவராக இருந்தவர். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது குப்பை வண்டியில் ஏறவிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களைச் சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு கதவுப் பலகைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வால்வ் போட்ட அந்தப் பழைய பெட்டிகள் இன்னும் எங்கெங்கோ பாடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அவரிடமிருக்கும் தாள்களை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அவரைப் பெரிய கலைஞர் என்று சொல்ல முடியாது. கோடுகள் நேராக இருக்கும், எழுத்து சுமார். ஒரு நல்ல குணம் உண்டு: தனக்குத் தெரியாததை வரைய மாட்டார். யாராவது படம் கேட்டால் போட்டோ எடுத்து அனுப்ப மாட்டார். மேலே ஒரு டிரேசிங் தாளைப் போட்டு, கோடு கோடாகக் கையாலேயே பிரதி எடுத்துத் தருவார். ஏன் இந்த வீண் வேலை என்று கேட்டால், “காமிராவுக்கு ஈ எச்சமும் புள்ளியும் ஒண்ணுதான். எனக்கு இல்ல” என்பார்.

வீட்டின் பின்னறையில் அந்தத் தாள்களுக்கென்று ஓர் இரும்பு அலமாரி. அகலமான, ஆழமில்லாத பதினான்கு இழுப்பறைகள். ஈரம் ஏறாமலிருக்க அடி இழுப்பறையில் ஒரு சின்ன பல்பு எப்போதும் எரியும். அதனால் பகலிலும் அலமாரியின் இடுக்குகளில் மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருக்கும், உள்ளே யாரோ குடியிருப்பதுபோல.

“அது உங்கப்பாவோட இன்னொரு குடித்தனம்” என்பாள் மனைவி, மகளிடம். “எனக்கு வாச்ச வீட்டுல பாதி பல்பு எரியறதில்ல. அங்க அணையறதே இல்ல.”

மனைவி தொடக்கப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். மகளுக்கு முப்பத்து நான்கு வயது. முன்னறையைக் கடையாக்கி, ஆம்ப்ளிபையர் பழுதுபார்த்தாள். அப்பா பின்னறையில் காகிதம், மகள் முன்னறையில் இரும்பு, நடுவில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு நடை. வீடு அவ்வளவுதான்.

பல்பு எரிந்தாலும் மழைக்காலத்தில் தாள்களில் பூஞ்சை பிடிக்கும். எங்கே வேண்டுமானாலும் பிடித்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. ஏனென்றால் அது கோடுகள் கடக்கும் இடமாகப் பார்த்துத்தான் உட்காரும். மையில் உள்ள பசையை அது தின்கிறது, இரண்டு கோடு கடக்கும் இடத்தில் மை இரட்டிப்பாக இருக்கிறது, அதனால் அங்கே போகிறது என்பது அவருடைய கணிப்பு. காரணம் எதுவாக இருந்தாலும் பார்ப்பதற்கு அப்படி இருக்காது. நேற்றுவரை சம்பந்தமில்லாமல் தாண்டிப்போன இரண்டு கம்பிகளை இன்று காலை யாரோ சேர்த்துவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சரியான அளவில், சரியான இடத்தில், கறுப்பாக. வரைந்தவனே ஏமாந்துபோவான்.

இதற்கு ஒரே காவல், தாளின் வலது கீழ் மூலையில் பென்சிலால் எழுதிய எண். தொழிற்சாலையில் அது ஒரு வழக்கம். வரைகிறவன் வரைந்து முடித்ததும் சரிபார்க்கிறவன் மொத்தப் புள்ளிகளை எண்ணி மூலையில் எழுதுவான். புள்ளி 52. புள்ளி 44. அதன் பிறகே பிரதி எடுக்கும் அறைக்குப் போகும். இத்தனை வருடம் கழித்து, மழை ஓய்ந்த முதல் வாரத்தில் கணவனும் மனைவியும் அந்த எண்களை வைத்துத்தான் தாள்களைக் காத்தார்கள். மேஜையில் ஒரு தாள். அவர் மனத்துக்குள் எண்ணுவார். பிறகு அவள் எண்ணுவாள். ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்புவார்கள்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து நாம ஒத்துப்போற ஒரே விஷயம் இதுதான்” என்பாள்.

எண் மூலையோடு பொருந்தினால் தாள் உள்ளே போகும். கூடுதலாக இருந்தால் வந்து சேர்ந்த புள்ளி எதுவென்று கண்டுபிடித்து பிளேடு நுனியால் சுரண்டி எடுப்பார். தாள்களை வரிசையாக எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. நூற்று நாற்பத்தைந்து, நூற்று நாற்பத்தாறு, நூற்று நாற்பத்தெட்டு.

நடுவில் ஒன்று விடுபடும். ஒவ்வொரு வருடமும் விடுபடும். அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

*

தொழிற்சாலையில் புள்ளி எண்ணும் வேலை ஒருவரிடம் இருந்தது. அவர் மனைவியின் அண்ணன். தங்கையை இவருக்குக் கட்டிவைத்தவரும் அவரே. இடது கைக்காரர், அதனால் எல்லோருக்கும் அவர் பெயர் இடக்கை. மச்சானைச் சீண்டாமல் ஒரு தாளைக்கூட வாங்க மாட்டார்.

“நீ கோடு போடு மாப்ள, நான் எண்ணிக்கறேன். கோடு போடறவனுக்குக் கண்ணு இருந்தாப் போதும். எண்றவனுக்குத்தான் தல வேணும்.”

புது மாதிரி ஒன்று வெளிவரும்போது முதல் நாற்பது பெட்டிகளை அவரே சோதனை மேஜையில் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு பெட்டியின் உட்பக்கச் சுவரிலும் பன்னிரண்டு வரிகள் கொண்ட ஒரு சோதனைச் சீட்டு ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து, பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வருவார். இடது கையால் போட்ட அந்த டிக், கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.

வால்வ் பெட்டிகளில் ஒரு குணம் உண்டு. மின்சாரத்தைத் தொட்டிபோல் தேக்கிவைக்கும் கண்டென்சர்கள் அவற்றில் இருக்கும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் தொட்டி நிறைந்தேயிருக்கும். ஒரு ஆளைக் கொல்லப் போதுமான அளவுக்கு. அதை வடித்துவிடுவதற்கென்று ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருப்பார்கள். வடிகால் தொட்டியோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் படத்தில் சொல்வது ஒரு புள்ளி. நூற்று நாற்பத்தேழாம் எண் படத்தில் அந்தப் புள்ளி, கீழிருந்து மூன்றாவது வரிசையில், ஸ்டாண்ட்பை ஸ்விட்சுக்குச் சற்று இடப்பக்கம் வர வேண்டும்.

அந்த மாதிரியில் முதல் நாற்பது பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், சாப்பாட்டு இடைவேளை முடிந்து இருபது நிமிடத்தில், மின்சாரம் தாக்கி இடக்கை இறந்துபோனார். முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பென்சில் இருந்தது. யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் அவரிடம் ஏதோ கேட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டு போனார்.

விசாரணைக்கு வந்தவர்கள் நூற்று நாற்பத்தேழாம் தாளை விரித்துப் பார்த்தார்கள். புள்ளி இருந்தது. “படம் சரி. ஆள் கவனக்குறைவு” என்று எழுதி மூடினார்கள். புள்ளிக்காரர் அப்போது அறையின் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தாள் அங்கிருந்து தெரியவில்லை. படம் சரி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவருக்கு நிம்மதி வரவில்லை. அந்தத் தாளை வரைந்த பிற்பகலில் பேனாவின் மை அடைத்துக்கொண்டது அவருக்கு நினைவிருந்தது. எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்ததும் நினைவிருந்தது. விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ந்தோமா என்பது மட்டும் நினைவில்லை. அந்த ஒரு புள்ளியை வைத்த ஞாபகம் அவர் கையில் இல்லை.

எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூலையிலிருக்கும் எண்ணும் தாளிலிருக்கும் புள்ளிகளும் ஒத்துப்போனால் இவர் குற்றமற்றவர். அப்படியென்றால் மனைவியின் அண்ணன் கவனமில்லாமல் செத்தவர். ஒத்துப்போகாவிட்டால், மனைவியின் அண்ணனைக் கொன்றது இவர் கை. இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முப்பத்தொரு வருடங்களாக அவர் எண்ணவில்லை. கிழித்துப்போடவும் இல்லை. அந்தத் தாள் எட்டாவது இழுப்பறையில், ஒரு வெள்ளை உறைக்குள், மற்றத் தாள்களோடு சேர்ந்து பத்திரமாக இருந்தது. யாராவது அந்த மாதிரிக்குப் படம் கேட்டால், “அது மட்டும் கிடைக்கல” என்பார். அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பொய்யை ஒன்று இரண்டு என்று எண்ண முடியுமா என்பது வேறு கேள்வி.

*

அந்தப் பெட்டி வந்தது ஒரு காலையில், பத்து மணிக்கு. தாடி வைத்த ஒரு கிடார்க்காரர் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்.

“அக்கா, இது கொஞ்சம் வேற மாதிரி.”

“எந்த மாதிரி?” என்றாள் மகள்.

“யாரும் வாசிக்கலன்னாலும் சத்தம் குடுக்குது. டக், டக்னு. ஏழெட்டு தடவ. அப்புறம் நின்னுடும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி முதல்லேர்ந்து.”

“கண்டென்சர் ஒழுகுது. வயசானா எல்லாருக்கும் ஒழுகும்.”

“அது சரிக்கா. ஆனா எங்க பேஸ் வாசிக்கறவன் இது இருக்கற ரூம்ல தனியா உக்கார மாட்டேங்கறான்.”

“அவர் வாசிக்கறதக் கேட்டுட்டு இது எழுந்து போகாம இருக்கே, அதச் சொல்லுங்க.”

சிரித்துக்கொண்டே போனார். மகள் பெட்டியை இணைத்துக் காத்திருந்தாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. சூடேறிய தூசியின் வாசனை எழுந்தது. பிறகு ஸ்பீக்கரிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. காகிதத்தின்மேல் பென்சில் நுனியை அழுத்தி இழுப்பதுபோல் சின்னச் சத்தம். எண்ணினாள். எட்டு. ஒன்பதாவதற்குக் காத்திருந்தாள். வரவில்லை.

அணைத்துவிட்டுப் பின்பக்கம் திறந்தாள். பிறகு நடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அப்பா, இங்க வந்து பாருங்களேன். என்னை மாதிரியே ஒரு ஆளு.”

அவளும் இடது கைக்காரிதான். பிறந்த வீட்டின் ஜாடை என்று அம்மா அதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்ப்பாள். புள்ளிக்காரர் வந்து குனிந்து பார்த்தார். உட்சுவரில் பழுப்பேறிய சோதனைச் சீட்டு. எதிர்ப்பக்கம் சாய்ந்த எட்டு டிக்குகள். ஒன்பதாவது வரியில், ‘தேக்கம் வடிதல்’ என்று அச்சிட்ட இடத்துக்கு எதிரே, ஒரு டிக் தொடங்கி, முடியாமல், நீளமாகக் கீழே இழுத்துக்கொண்டு போய்ச் சீட்டின் விளிம்பில் நின்றிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே வேறு யாரோ ஊதா மையில் முத்திரை குத்தியிருந்தார்கள்: தேறியது.

“பாதியில டீ குடிக்கப் போயிட்டார்போல” என்றாள் மகள்.

அந்தப் பெட்டியை விற்றுவிட்டார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. யாரும் அதைத் தனியாக எடுத்துவைக்கவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். முப்பத்தொரு வருடங்களாக அது முடியாமல் இருக்கிறது. பின்னறைக்குத் திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார்.

மூன்று மணிக்கு மகள் கையில் ஒரு தாளோடு வந்தாள்.

“இந்த மாடலுக்குப் படம் உங்ககிட்ட இல்லன்னீங்கல்ல? நெட்டுல ஒண்ணு கிடைச்சுது. பிற்பாடு அடிச்ச சர்வீஸ் புத்தகத்துலேர்ந்து யாரோ எடுத்துப் போட்டிருக்காங்க. ஒரே ஒரு இடம் புரியல.” கீழிருந்து மூன்றாவது வரிசையில் விரலை வைத்தாள். “இது புள்ளியா, அழுக்கா?”

கறுப்பாக ஏதோ இருந்தது. ஓரம் கலங்கியிருந்தது.

“தெரியல” என்றார்.

“நீங்க வரைஞ்சதுதானேப்பா?”

“அந்தத் தாள் இல்லம்மா.”

அவள் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். “சரி, புள்ளின்னே வச்சுக்கறேன். வடிகால் தொட்டியோட சேர்ந்துதான இருக்கணும்? புத்தியுள்ள யாரும் வேற மாதிரி போட மாட்டாங்க.”

போய்விட்டாள். அவள் சொன்னது சரியான நியாயம். எப்படி இருக்க வேண்டும் என்பதை வைத்து எப்படி இருக்கிறது என்பதை முடிவுசெய்கிற நியாயம். உலகத்தில் பெரும்பாலான காரியங்கள் அதை வைத்தே நடக்கின்றன, பெரும்பாலான நாட்களில் தீங்கும் வருவதில்லை.

முன்னறையில் மறுபடியும் பெட்டி உயிர்பெறுவது கேட்டது. டக். டக். அவர் எண்ணவில்லை, காது எண்ணியது. எட்டில் நின்றது. பிறகு ஸ்டாண்ட்பை ஸ்விட்சை அணைக்கும் சத்தம். மின் இணைப்பைப் பிடுங்கும் சத்தம். வேலையைத் தொடங்கப்போகிறாள்.

எழுந்து எட்டாவது இழுப்பறையை இழுத்தார். அடி இழுப்பறையின் வெளிச்சம் இடுக்கு வழியாக அவர் விரல்களில் விழுந்தது. வெள்ளை உறையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்தார்.

புள்ளி இருந்தது.

வைத்திருக்கிறோம். வைக்காமலா விட்டோம். முப்பத்தொரு வருடம் வீணாகப் பயந்தோம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, பழக்கத்தினால் மட்டுமே, மேல் இடது மூலையிலிருந்து எண்ணத் தொடங்கினார். முப்பத்தொன்பது. மூலையில் இடப்பக்கம் சாய்ந்த பென்சில் எழுத்தில் இருந்தது: புள்ளி 38.

மறுபடி எண்ணினார். முப்பத்தொன்பது.

பூதக்கண்ணாடியை எடுத்து அந்த ஒரு புள்ளியின்மேல் வைத்தார். பூஞ்சை இல்லை. மைதான். ஆனால் அவருடைய புள்ளிகள் வட்டமானவை. இது சற்று நீண்டிருந்தது. காய்வதற்குள் உள்ளங்கையின் ஓரம் பட்டு, இடமிருந்து வலமாக மெல்லிய ஒரு புகை படிந்திருந்தது. வலது கையால் எழுதுகிறவனின் கை, வைத்த புள்ளியை விட்டு விலகிப்போகும். இடது கையால் எழுதுகிறவனின் கைதான் வைத்த புள்ளியின் மேலேயே நகரும்.

அப்போது அவருக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. இவர் அந்தப் புள்ளியை விட்டுவிட்டார். இடக்கை எண்ணும்போது இருந்ததை எண்ணினார்; இல்லாததை எண்ண யாராலும் முடியாது. முப்பத்தெட்டு என்று எழுதினார். பிரதிகள் போயின. அந்தப் பிரதிகளைப் பார்த்து நாற்பது பெட்டிகளுக்குக் கம்பி போட்டார்கள், வடிகாலைத் தொட்டியோடு சேர்க்காமல். பிறகு, சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோது, இடக்கையின் கண்ணில் பிழை பட்டிருக்கிறது. மச்சானிடம் சொல்லிக் கேலிசெய்யக்கூட நேரமில்லை, அல்லது மாலையில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார். பேனாவை எடுத்து ஒரு புள்ளியை வைத்தார். மூலையில் எண்ணை மாற்ற மறந்தார். பிறகு மேஜைக்குப் போனார். வடிகாலில் மீட்டரை வைத்தார், பூஜ்யம். படத்தில் வடிகாலும் தொட்டியும் ஒரே கம்பி, இப்போதுதானே சேர்த்துவைத்தார்? ஒரே கம்பியில் எங்கே தொட்டாலும் பூஜ்யம்தான். டிக் போட்டுக்கொண்டே மறு கையை நீட்டினார்.

தாளைத் திருத்தினார். பெட்டி திருந்தவில்லை.

முன்னறையில் மகள் வைத்திருப்பதும் திருத்திய படம்தான். இருப்பதோ திருந்தாத பெட்டி.

அவர் ஓடி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு அடி.

“கைய எடு!”

மகள் துள்ளிப் பின்னால் போனாள். இரண்டு கையும் ஒன்றாகப் பெட்டிக்குள் போகக் கூடாது என்ற தொழில் பழக்கத்தின்படி அவள் வலது கை மேலங்கிப் பையில் இருந்தது. இடது கை பெட்டியின்மேல், தொட்டிக்கு ஒரு விரல்கடை உயரத்தில் இருந்தது. மீட்டர் வடிகாலில் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது.

“என்னப்பா? செக் பண்ணிட்டேனே. பாருங்க, ஒண்ணுமில்ல.”

“அங்க இல்ல. தொட்டியில வை.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“இந்தப் பெட்டியில ஒண்ணு இல்ல. வை.”

மீட்டர் முனையை நகர்த்தி வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு.

இணைப்பு பிடுங்கிக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. கம்பி தரையில் சுருண்டு கிடந்தது. எதனோடும் சேராமல் அந்தப் பெட்டி நானூற்றுப் பன்னிரண்டு வோல்ட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தது. மகள் முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, உட்கார்ந்திருக்கும் விதத்தை அப்பா பார்ப்பது தெரிந்து, எழுந்து நின்றாள்.

சத்தம் கேட்டு மனைவி வந்திருந்தாள். “எதுக்குக் கத்தினீங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள் திறந்த பெட்டியின் முன்னால் நின்றுவிட்டாள். குனிந்து சீட்டைப் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு டிக்காகத் தொட்டாள். ஒன்பதாவதில், அந்தக் கோடு போன வழியிலேயே விரலை விளிம்புவரை கொண்டுபோனாள்.

“அண்ணனோடது” என்றாள்.

மகள் ஒரு பெரிய ரெசிஸ்டரைக் கம்பியில் கட்டித் தொட்டியை வடித்தாள். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. ரெசிஸ்டரை எடுத்தாள். நான்கு என்று காட்டியது. பிறகு ஏழு. பதினொன்று.

“என்னடி இது, மறுபடி ஏறுது?”

“எல்லாக் கண்டென்சரும் இப்படித்தான்மா. காலி பண்ணினாலும் கொஞ்சம் ஞாபகம் வச்சிருக்கும்.”

மூன்று பேரும் அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மனைவிதான் முதலில் நகர்ந்தாள். பின்னறைக்குப் போனாள். மேஜையில் நூற்று நாற்பத்தேழு விரிந்திருந்தது. அவர் வாசலில் நின்றார்.

“சீட்டு எடுங்க” என்றாள்.

“நான் எண்ணிட்டேன்.”

“நான் எண்ணல.”

இருவரும் எண்ணினார்கள். எழுதிக் கவிழ்த்தார்கள். திருப்பினார்கள். இரண்டிலும் முப்பத்தொன்பது. அவள் மூலையைப் பார்த்தாள். பூதக்கண்ணாடியை அவரே எடுத்து அவளிடம் கொடுத்தார். அந்தப் புள்ளியையும் அதன் புகையையும் காட்டினார். எதையும் குறைக்காமல் சொன்னார்: முதலில் விட்டது நான். எண்ணும்போது கவனிக்காதது அவர். பிறகு வைத்தது அவர். வைத்ததை நம்பிப் போனதும் அவர்.

“விட்டது நீங்க.”

“ஆமா.”

அவள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“வருஷா வருஷம் நூத்து நாப்பத்தாறுக்கு அப்புறம் நூத்து நாப்பத்தெட்டு எடுத்துக் குடுத்தேனே. ஒரு கணக்கு டீச்சர்கிட்டயா மறைக்கப் பாத்தீங்க?”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா ஒருத்தர் போயிடுவீங்க. ஒண்ணு அவரு, இல்ல நீங்க. கேக்காதவரைக்கும் ரெண்டு பேரும் இருந்தீங்க.” உறையை எடுத்து மடித்தாள். “இன்னிக்கு அவ போயிருப்பா.”

அதற்குப் பிறகு பதினொரு நாட்கள் அவள் அவரிடம் எண்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

எண்கள் பேச வேண்டியிருந்தது. ஏனென்றால் வேலை இருந்தது. இந்த ஒரு பெட்டியில் மகள் வடிகாலைத் தொட்டியோடு சேர்த்துவிட்டாள், அந்த டக் டக் சத்தமும் நின்றது. சோதனைச் சீட்டை மட்டும் அவள் தொடவில்லை. ஆனால் முதல் நாற்பதில் மீதி முப்பத்தொன்பது பெட்டிகள் எங்கோ இருந்தன, எல்லாம் ‘தேறியது’ முத்திரையோடு. அவற்றைத் திறக்கிறவர்கள் கையில் திருத்திய படம் இருக்கும். சரியான படம், அதனாலேயே ஆபத்தான படம். ஆகவே புள்ளிக்காரர் புதிதாக ஒரு தாள் வரைந்தார், நூற்று நாற்பத்தேழு-அ என்று எண்ணிட்டு. அதில் பிழையை அப்படியே வைத்தார். முப்பத்தெட்டுப் புள்ளிகள். புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்தை ஒரு பெரிய வட்டத்தால் சுற்றி, ‘இங்கே சேரவில்லை. தொட்டியைத் தனியே அளக்கவும்’ என்று தன் சுமாரான எழுத்தில் எழுதினார். தெரிந்த பழுதுக்காரர்கள் எல்லோருக்கும் கையால் பிரதி எடுத்து அனுப்பினார். யார் பிழை என்று ஒருவர் கேட்டு எழுதினார். ‘வரைந்தவன் பிழை’ என்று பதில் போட்டார். பன்னிரண்டாம் நாள் மனைவி அந்தப் பதிலைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, “தண்ணி குடிச்சீங்களா?” என்று கேட்டாள்.

அடுத்த வருடம் மழை ஓய்ந்தது. மேஜையில் தாள்கள் வந்தன. நூற்று நாற்பத்தாறு, நூற்று நாற்பத்தேழு, இரண்டுக்கும் சீட்டுகள் ஒத்துப்போயின. பிறகு நூற்று நாற்பத்தேழு-அ. எண்ணினார்கள். எழுதினார்கள். திருப்பினார்கள்.

இரண்டு சீட்டிலும் முப்பத்தொன்பது.

பெரிய வட்டத்தின் நடுவில், கோடுகள் கடக்கும் இடத்தில், அது உட்கார்ந்திருந்தது. சற்று நீளமாக.

அவர் பிளேடை எடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். தாளின்மேல் குனிந்து, பள்ளிக்கூடத்தில் பிடிவாதக்காரப் பிள்ளைகளிடம் பேசும் குரலில், யாரிடமென்று சொல்லாமல், சொன்னாள்:

“போதும்ணா. இது தப்பாவே இருக்கணும். விடுங்க.”

சுரண்டினாள். பூஞ்சை என்றால் தூளாக வரும். பிளேடு நுனியில் வந்தது ஈரமாக, கறுப்பாக இருந்தது. அதை அவள் பார்த்தாள், அவரும் பார்த்தார். துணியில் துடைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்து வைத்தாள்.

“நூத்து நாப்பத்தெட்டு” என்றாள். “எண்ணுங்க.”